நெடிய விடியலைத் தேடிய திலகர்

வத்தேகமத்தில் விடியல் விரைந்து வந்து விரைந்து கழிவது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் பின்புறத்தில் வானம் வெளுக்கத் தொடங்கிவிட்டால், முக்கால் மணி நேரத்துக்குள் தேயிலை நிரைகளும் தண்டவாளமும் தெளிவாகத் தெரிந்துவிடும். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இவ்வூரில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஐம்பது நிமிடமே. ஆனியில் கதிரவன் சற்று முந்துவான். மார்கழியில் சற்றுப் பிந்துவான். கடிகாரம் பார்ப்பவர் தவிர மற்றையோர் அதனை உணர்வதும் இல்லை. இத்தகைய மண்ணில் பிறந்தோர்க்கு ஆறு திங்கள் பகல், ஆறு திங்கள் இரவு என்ற செய்தி புராணக் கதை போலவே ஒலிக்கும். ஆசிரியர் பூகோள உருண்டையைச் சாய்த்துப் பிடித்து, விளக்கின் முன்னே சுற்றிக் காட்டி, எவ்வளவுதான் விளக்கினாலும், மாணவனின் அறிவு இசையுமே அன்றி மனம் முற்றும் இசைவதில்லை.

அந்த நெடும்பகலையும் நெடிய இரவையும் ஒருநாளும் கண்ணாற் காணாத ஒருவர், அவற்றைப் பற்றி ஐந்நூறு பக்கங்கள் அளவில் ஒரு பெருநூல் எழுதினார். அவர் பனிக்கடலில் கப்பலோட்டியவர் அல்லர்; மராட்டிய நாட்டில் பிறந்து, பூனா நகரில் பத்திரிகை நடத்தி, ஆங்கில ஆட்சியை நடுங்கச் செய்து, மும்முறை சிறை சென்றவர். லோகமான்யர் பாலகங்காதர திலகரை அரசியல் தலைவராக அறியாதார் இலர். வடதுருவத்தின் விடியலைத் தேடிய திலகரை அறிந்தோர் சிலரே. அந்தத் திலகரையே ஈண்டு நோக்குவோம்.

திலகர் 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள், கொங்கணக் கடற்கரையிலுள்ள இரத்தினகிரியில் பிறந்தார். தந்தையார் கங்காதர இராமச்சந்திர திலகர் பள்ளி ஆசிரியர், வடமொழியில் வல்லவர், கணிதத்திலும் இலக்கணத்திலும் பாடநூல்கள் இயற்றியவர். அன்னையார் பார்வதிபாய் மகனுக்குப் பத்து வயதாகும்போது மறைந்தார். தந்தையாரோ பதினாறு வயதில் அவரைத் தனியே விட்டு மறைந்தார். ஆயினும் அதற்குள் இரு செல்வங்களை மகனுக்கு அளித்துவிட்டார். ஒன்று வடமொழி, மற்றொன்று கணக்கு. பிற்காலத்தில் திலகர் எழுதிய ஆராய்ச்சி நூல்கள் யாவும் இவ்விரண்டின் கூட்டுறவிற் பிறந்தவையே. வேதத்தை ஓதத் தெரிந்தவர் பலர். கோள்களின் கதியைக் கணிக்கத் தெரிந்தவர் சிலர். இரண்டும் ஒருவரிடம் கூடுதல் அரிது.

பூனாத் தக்காணக் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் இளைஞர் திலகர் பாடநூல்களை ஒதுக்கி வைத்துவிட்டு உடற்பயிற்சியில் இறங்கினார் என்பர். நீச்சலும் மற்போரும் அவ்வாண்டின் பாடங்கள். மெலிந்திருந்த உடல் உரம் பெற்றது. சிறைக்கூடங்களில் அவரைக் காத்தது அவ்வோராண்டு உழைப்பே எனக் கருதுவாரும் உளர். அக்கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்தவர் கேரோ லட்சுமண சத்ரே என்னும் பேராசிரியர். பழைய பஞ்சாங்கத்தை வானத்து உண்மை நிலையோடு ஒப்பிட்டுத் திருத்த முனைந்த வானநூல் அறிஞர் அவர். மாணவர் நெஞ்சில் அவர் விதைத்த வித்து உடனே முளைக்கவில்லை. சட்டப் பட்டமும் பெற்ற திலகர், நீதிமன்றத்தை நாடாது பள்ளிக்கூடத்தை நாடினார். 1880இல் நண்பர்களோடு புதிய ஆங்கிலப் பள்ளியை நிறுவினார். மறு ஆண்டில் மராட்டிய மொழியில் கேசரியும் ஆங்கிலத்தில் மராத்தாவும் தோன்றின. 1882இல் கோலாப்பூர் அவதூறு வழக்கில் முதற் சிறைவாசம். 1885இல் எழுந்த பெர்கூசன் கல்லூரியிற் கணிதமும் வடமொழியும் கற்பித்தார். 1890இல் உடனுழைத்தோரோடு கருத்து மாறுபட்டு விலகினார். இவையெல்லாம் பலரும் எழுதியவை, விரித்தல் வேண்டா.

நமக்கு வேண்டுவது 1893ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் ஆராய்ச்சி நூல். ஒராயன் என்பது அதன் பெயர். மிருகசீரிடம் என நாம் வழங்கும் விண்மீன் கூட்டத்தையே அது குறிக்கும். இலண்டனில் கூடிய கீழைத்தேய அறிஞர் மாநாட்டுக்கு எழுதிய கட்டுரை வளர்ந்து நூலாயிற்று. பகலும் இரவும் ஒத்திருக்கும் இளவேனிற் சமநாளில் கதிரவன் நிற்கும் இடம் என்றும் ஒன்றல்ல. ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் அது வான்வட்டத்தை ஒருமுறை சுற்றி வரும். வேதப் பாடல்களிலும் வேள்வி நூல்களிலும் ஆண்டின் தொடக்கம் மிருகசீரிடத்தில் அமைந்ததற்கான சுவடுகள் உள என்றும், ஆகவே அப்பாடல்கள் கி.மு. 4000ஆம் ஆண்டை ஒட்டியவை என்றும் திலகர் வாதித்தார். ஜெர்மனியில் போன் நகரத்துப் பேராசிரியர் ஹெர்மன் யாகோபி, திலகரை அறியாமலே, அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தார். இவ்வொற்றுமை இருவருக்கும் புகழ் தந்தது. அமெரிக்காவின் விட்னி முதலியோர் இருவரையும் மறுத்தனர்.

அந்நூலை எழுதுங்கால் எதிர்ப்பட்ட ஒரு சிக்கல், தமிழர்க்கு மிகவும் பழகிய ஒன்று. தை முதல் ஆனி வரை உத்தராயணம். அது தேவர்க்குப் பகல். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயனம். அது அவர்க்கு இரவு. ஆகவே மார்கழி முழுவதும் தேவர்களின் வைகறை. அதனாலன்றோ மலைநாட்டுத் தோட்டத்துக் கோயில்களிலும் குளிரோடு குளிராக எழுந்து திருவெம்பாவை பாடுகிறோம்! ஆனால் தேவர் உறையும் மேரு வடதுருவம் என்று கொண்டால், கணக்கு இடிக்கிறது. துருவத்திற் கதிரவன் உதிப்பது பங்குனிச் சமநாளில். தை பிறக்கும்போது அங்கே நள்ளிரவு கழிந்து சில நாட்களே ஆகியிருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் பாஸ்கராசாரியரே இம்முரணைக் கண்டு அமைதி கூற முயன்றவர். திலகரோ துணிந்து ஒரு முடிவு சொன்னார். பண்டைக் காலத்தில் உத்தராயணம் என்பது கதிரவன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உலவும் ஆறு திங்களையே குறித்தது. பிற்காலத்தில் அச்சொல் தை முதலான ஆறு திங்களுக்கு மாறியது. சொல் மாறியபோது தேவரின் பகலும் அதனுடன் இழுபட்டு வந்தது. இவ்விளக்கம் மெய்யோ அன்றோ, ஒரு சொல்லின் இடப்பெயர்ச்சியால் ஒரு முரண் பிறக்கலாம் என்று கண்ட கூர்மை பாராட்டுக்குரியது. தேவரின் பகல் எவ்விடத்துப் பகல் என்னும் வினா அன்று முதல் அவரை விடவில்லை.

1896இல் பஞ்சம், 1897இல் பூனாவிற் கொள்ளைநோய். நோய்த் தடுப்பு என்ற பெயரால் படைவீரர் வீடு புகுந்து சோதித்தமை மக்களின் நெஞ்சைப் புண்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் இரவு, நோய்த் தடுப்பு அதிகாரி ராண்ட் சாபேகர் உடன்பிறந்தாராற் சுடப்பட்டார். கொலைக்கும் திலகருக்கும் தொடர்பு உண்டென்று எவரும் நாட்டவில்லை. எனினும் கேசரியில் வெளிவந்த எழுத்துக்காக அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. செப்டெம்பர் 14ஆம் நாள் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அறிஞர் தேங்காய் நார் உரிக்கும் கைதியானார். பம்பாய்ச் சிறைகளில் உடல் நலிந்து, பின்னர் பூனாவை அடுத்த எரவாடாச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

இவ்விடத்தில் ஒரு செயல் மறக்கற்பாலதன்று. ஒக்ஸ்போர்டில் இருந்த மாக்ஸ் முல்லர், தாம் பதிப்பித்த இருக்கு வேதத்தின் இரண்டாம் பதிப்பை அச்சிறைக் கைதிக்கு அனுப்பி வைத்தார். அரசாங்கம் அந்நூலையும் வேறு சில நூல்களையும் வைத்துக்கொள்ள இசைந்தது. இரவில் சில மணி நேரம் விளக்கு வைத்துப் படிக்கவும் இசைந்தது. அன்றியும் மாக்ஸ் முல்லர், சேர் வில்லியம் ஹண்டர், தாதாபாய் நௌரோஜி முதலியோர் கைதியின் விடுதலை வேண்டி விக்டோரியா அரசியாருக்கு விண்ணப்பம் எழுதினர். 1898 செப்டெம்பர் 6ஆம் நாள், ஆறு திங்கள் எஞ்சியிருக்க, திலகர் விடுதலையானார்.

சிறைக்குள் இரவின் தொடக்கத்தையும் முடிவையும் காவலாளியே விதிப்பான். அத்தகைய இரவுகளிற் சிறு விளக்கின் ஒளியிலே, விடியற்பெண்ணாகிய உஷையைப் போற்றும் பாடல்களைத் திலகர் மீண்டும் மீண்டும் படித்தார். அதே பத்தாண்டில் நோர்வே நாட்டு நான்சன் பிராம் என்னும் கப்பலைப் பனிக்கட்டியில் உறையவிட்டு, வடமுனையை நோக்கி மிதந்து சென்றிருந்தார். 1895-96 மாரியில் அவரும் தோழர் ஒருவரும் பிரான்ஸ் ஜோசப் தீவுகளில் கல்லாலும் கடற்பசுவின் தோலாலும் கட்டிய குடிலில், கதிரவனைக் காணாது பல திங்கள் கிடந்தனர். ஒருவர் துருவ இரவை உடலால் அறிந்தார். மற்றவர் அதனை ஒரு பழம்பாடலின் சொற்களுக்கிடையே தேடினார். 

விடுதலையான திலகர் பூனாவை அடுத்த சிங்ககட மலைக்கோட்டையிலே தங்கி, 1898 இறுதியில் நூலின் முதல் வடிவத்தை எழுதினார். அச்சேறுவதற்குள் நான்காண்டுக்கு மேல் ஆயிற்று. நிலநூல், தொல்பொருளியல், பாரசீகரின் அவெஸ்தா முதலிய துறைகளிலெல்லாம் கற்க வேண்டியிருந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் தாயி மகராஜ் வழக்கு. இறந்த நண்பரின் சொத்துக்குப் பொறுப்பாளராக இருந்தமையால் வந்த அவ்வழக்கு அவருடைய நாட்களைத் தின்றது. அவரைப் பொய்யரென்று குற்றஞ்சாட்டவும் துணிந்தது. பின்னரே உயர்நீதிமன்றம் அப்பழியைத் துடைத்தது. 1903ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வேதங்களில் ஆர்க்டிக் தாயகம் என்னும் பொருள்படும் பெயரோடு நூல் வெளிவந்தது. நூல் அனுப்பி உதவிய மாக்ஸ் முல்லர் அதைக் காண இருக்கவில்லை, 1900இலேயே மறைந்துவிட்டார்.

திலகரின் வாதத்தை அறிய, முதலில் துருவத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இதனை அவர் இரு கூறாகப் பிரித்தார். சரியாகத் துருவப் புள்ளியில் நிற்பவனுக்கு விண்மீன்கள் எழுவதும் இல்லை, விழுவதும் இல்லை; குயவன் சக்கரம் போலத் தலைக்கு மேலே கிடையாகச் சுழலும். ஆண்டுக்கு ஒரே உதயம், ஒரே மறைவு. கதிரவன் தோன்றுமுன் அடிவானத்திற் செந்நிறம் படர்ந்து, ஒரு திசையில் நில்லாது, நாளுக்கு ஒரு சுற்றாகச் சுற்றிச் சுற்றி வரும். கதிரவன் அடிவானத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகையில் இருக்கும்போது பிறக்கும் மங்கல் ஒளியையே விடியலின் தொடக்கமெனக் கொண்டால், நம் ஊரில் முக்கால் மணி நேரத்தில் முடிவது அங்கே ஏறத்தாழ ஒரு திங்கள் நீடிக்கும். துருவத்திலிருந்து சற்றுத் தெற்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குள் வாழ்பவனுக்கோ நிலைமை வேறு. அவனுக்கு இடையறாத நெடும்பகல் ஒன்று, இடையறாத நெடிய இரவு ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே நம்முடையவை போன்ற சிறு நாட்கள். இவ்விரு வகை அடையாளங்களும் வேதத்தில் உளவோ என்பதே திலகரின் ஆராய்ச்சி.

தேவரின் பகல் ஆறு திங்கள் என்று மனுநூலும் மகாபாரதமும் கூறுவதை அவர் முதற் சான்றாக நம்பி நிற்கவில்லை. இதிற்றான் அவருடைய நேர்மை புலப்படுகிறது. பூமி உருண்டை என்று அறிந்த பின், துருவத்துக்குப் போகாமலே இதனைக் கணக்கிட்டுச் சொல்லலாம், கி.பி. 499இல் எழுதிய ஆரியபட்டர் அவ்வாறே சொல்லியிருக்கிறார். ஆகவே வானக்கணிதம் வளராத காலத்துப் பாடல்களில் அச்செய்தி கிடைக்குமாயின் மட்டுமே அது கண்டார் வாக்கு எனக் கொள்ளத்தகும். அதனாலேயே அவர் உஷையின் பாடல்களிடம் சென்றார்.

அப்பாடல்களில் விடியல் சில இடங்களில் ஒருத்தி. சில இடங்களிற் பலர். தைத்திரீய சங்கிதையில் முப்பது விடியல்கள் முப்பது சகோதரிகளாக ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றனர். இருக்கு வேதப் பாடல் ஒன்று, விடியலின் முதல் ஒளிக்கும் கதிரவன் உதயத்துக்கும் இடையே நாட்கள் பல சென்றதாகப் பொருள் கொள்ளுமாறு அமைந்துள்ளது. ஒரு வேள்வியில், விடியற் குறி தோன்றிய பின் கதிரவன் எழுமுன் ஆயிரம் செய்யுள் ஓதவேண்டும் என்ற விதி உண்டு. நம் நாட்டு விடியலில் ஆயிரம் செய்யுளுக்கு நேரம் ஏது என்று கேட்டார் திலகர். முற்காலத்து அந்தணர் இரவு விடியுமோ விடியாதோ என அஞ்சினர் என்று தைத்திரீய சங்கிதை கூறுகிறது. அது மாரிக்காலத்து நீண்ட இரவைக் குறித்த அச்சம் என உரையாசிரியர் சாயணர் அமைதி கூறினார். மாரி இரவு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே அளவினதுதானே; நாம் அஞ்சாத ஒன்றுக்கு அவர் ஏன் அஞ்சினார் என்பது திலகரின் மறுப்பு. சிறையில் விளக்கணைந்த பின் அவர் நெஞ்சில் இவ்வினா எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னும் பல. நெடும் இருள் எனப் பொருள்படும் தீர்க்கதமசு என்னும் முனிவர் பத்தாம் யுகத்தில் முதுமையுற்றார் என்ற கதையை, பத்துத் திங்கள் ஒளிர்ந்து இரு திங்கள் மறையும் கதிரவனின் கதையாகப் படித்தார். அதிதி தன் எட்டு மக்களில் ஒருவனை எறிந்துவிட்ட கதையில் ஏழு திங்கள் வெயிலைக் கண்டார். பசுக்கள் கொம்பும் குளம்பும் வேண்டி வேள்வி செய்து பத்துத் திங்களிற் பெற்றன என்ற பழங்கதையை, உரோமர்க்குப் பண்டு ஆண்டொன்றுக்குப் பத்துத் திங்களே என்ற மரபோடு இணைத்தார். டிசெம்பர் என்ற சொல்லுக்குப் பத்தாவது என்பதே பொருள் என ஆசிரியர்கள் அறிவர். அவெஸ்தாவிலே, கொடும்பனி வருமென்று எச்சரிக்கப்பட்ட யிமன் அமைத்த காப்பிடத்தில் கதிரவன் ஆண்டுக்கு ஒருமுறையே எழுவான். அங்குள்ளோர்க்கு ஓர் ஆண்டு ஒரு நாளே. இப்பகுதியைத் திலகர் தம் வாதத்தின் மகுடமாக வைத்தார். ஆரியரின் முன்னோர் துருவத்தின் அருகே வாழ்ந்தனர், பனி பரந்து அத்தாயகத்தை அழித்தது, கி.மு. 8000க்கு முன் அவர் தெற்கே பெயர்ந்தனர் என்பதே அவர் கண்ட முடிபு. பாஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த வாரன் என்பவர் 1885லேயே மனித குலத்தின் தொட்டில் வடதுருவம் என்று எழுதியிருந்தார். அந்நூலுக்குத் தாம் பட்ட கடனைத் திலகர் மறைக்கவில்லை.

இம்முடிபு நின்றதா எனின், நிற்கவில்லை. அதை ஒளித்துப் பேசுவது அப்பேரறிஞருக்கு மரியாதை ஆகாது. மொழிநூலார் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலத்தைக் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளிகளில் வைப்பர். 2015 முதல் வெளிவந்த தொல்லெலும்பு மரபணு ஆய்வுகள் பெரிதும் அதற்கே துணை நிற்கின்றன. சைபீரியாவின் யானா ஆற்றங்கரையில், வடக்கே 71 பாகையில், ஏறத்தாழ 32,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தனர் என்பது இன்று உறுதி. எனவே துருவ இரவின் கீழ் மனிதன் வாழ்ந்திருக்க முடியாது என்று எவரும் சொல்லற்கில்லை. ஆனால் அவ்வேட்டுவரை வேதப் பாடகரோடு இணைக்கும் கயிறு ஏதும் கிடைக்கவில்லை.

திலகரின் வழுவை அவருடைய முறையிலேயே காணலாம். பாடலைச் சாட்சி மொழியாக மட்டும் படித்தார். பாடல் பாடலாகவும் இருக்கலாம் என்பதற்கு இடம் வைத்தார் அல்லர். விடியலைப் பன்மையில் விளித்தால், நாள்தோறும் வந்துபோன விடியல்கள் அனைத்தையும் புலவன் ஒருங்கே அழைத்தான் என்று கொள்ளத் தடை என்ன? முப்பது சகோதரியர் ஒரு திங்களின் முப்பது வைகறைகள் ஆகலாகாதா? ஆண்டாளின் முப்பது பாடல்களைப் பின்னொரு காலத்தார் எடுத்துவைத்து, இவள் முப்பது நாள் நீண்ட விடியலைக் கண்டவள் என்று வாதித்தால் நாம் நகைக்க மாட்டோமா? இரவுக்கு அஞ்சுதலும் அப்படியே. பன்னிரண்டு மணி இரவும், நோயாளியின் அருகே விழித்திருப்பவனுக்கு விடியாத இரவே.

இந்நூலால் விளைந்த அரசியல் வியப்பும் சிறிதன்று. சுதேசியத்தின் தலைமகன் வேதம் பாடினோரின் தாயகத்தைப் பாரதத்துக்கு வெளியே, பனி உறைந்த ஒரு கடலோரத்திலே கொண்டு வைத்தார். பற்றுடையோர் பலர் திகைத்தனர். மராட்டியரான பாவ்கி என்பார் 1915இல் சப்தசிந்துவே ஆரியரின் தொட்டில் என மறுநூல் எழுதினார். வங்காளத்தில் அவிநாச சந்திர தாசரும் அவ்வாறே எழுதினார். வேதத்தின் தொன்மையை நிலைநாட்ட வேண்டும் என்ற வேட்கை திலகர்க்கு மிகுதியாக இருந்தது. ஆள்பவர் ஆளப்படுவோரின் பழமையையும் தாமே அளந்து சொல்லிய காலம் அது. ஆயினும் தம் கட்சிக்கு இனிக்கும் முடிவையே தேடியிருப்பாராயின் அவர் சிந்து வெளியைத் தாண்டியிருக்க மாட்டார். சான்று இழுத்த திசையிலே, அது தமக்கு உவப்பான திசையன்று என அறிந்தும், கடைசிவரை நடந்தார். தவறான ஊருக்குச் சென்றாலும் நேர்மையான பயணம் அது. தமிழ் மக்களின் தொன்மையைப் பற்றி எழுதப் புகுவோர் பலர் இந்த ஒன்றை அவரிடம் கற்கலாம் என்பது என் எண்ணம்.

1907 சூரத்து மாநாட்டுக்குத் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய பாரதியாரும் சென்று திலகரைக் கண்டனர். அன்று முதல் தென்னாட்டுத் தீவிரவாதிகளுக்கு அவரே தலைவர். 1908 ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் சிதம்பரனாருக்கும் சுப்பிரமணிய சிவத்துக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. அதே திங்கள் 22ஆம் நாள் இரவு, பம்பாய் உயர்நீதிமன்றம் திலகரை ஆறாண்டு நாடுகடத்தியது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலை நிறுத்தம் செய்தனர். பர்மாவின் மண்டலேச் சிறையில், மரச்சட்டங்களாலான கூண்டு போன்ற அறையில், வெயிலும் பனியும் தடையின்றி நுழைய அவர் வாழ்ந்தார். அங்கே ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளைக் கற்றார். கீதா ரகசியத்தைப் பென்சிலால் எழுதினார். 1912 ஜூனில் துணைவியார் சத்தியபாமாபாய் பூனாவில் மறைந்த செய்தி அவ்வறைக்குத் தந்தியாக வந்து சேர்ந்தது. 1914 ஜூனில் ஊர் திரும்பினார்.

இலங்கை மண்ணையும் அவர் மிதித்திருக்கிறார். 1918இல் சுயாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்கள் முன் வைப்பதற்காகத் தூதுக்குழு ஒன்றோடு கொழும்புக்கு வந்தார். கப்பலேறும் தறுவாயில் பிரித்தானியப் போர் அமைச்சரவை பயண அனுமதியைத் திரும்பப் பெற்றது. குழுவினர் வந்த வழியே மீண்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியில், தம்மை இழித்து எழுதிய வலன்டைன் சிரோல் மீது தாம் தொடுத்த வழக்கை நடத்துவதற்காகவே இலண்டன் செல்ல அனுமதி கிடைத்தது. ஒக்டோபர் இறுதியில் இலண்டனை அடைந்தார். வழக்குத் தோற்றது; பெரும்பொருள் செலவாயிற்று.

எனினும் ஓர் ஆண்டு முழுவதும் அவர் அந்நகரில் இருந்தார். டிசெம்பரிலே எட்டு மணி நேரமும் நிரம்பாத பகல். ஜூனிலே பதினாறரை மணி நேரத்துக்கும் மேலான பகல். அதன் பின்னும் நெடுநேரம் மறையாத அந்தி. வாழ்நாள் முழுவதும் ஏட்டில் தேடிய நெடும்பகலின் ஓரத்தையேனும் அறுபத்திரண்டு வயதில் அவர் கண்ணாற் கண்டார்.  அவர் நாட்டவர் வடதுருவத்தை அடுத்து ஆய்வு நிலையம் அமைத்தது பின்னரே. 2008 ஜூலையில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில், ஏறத்தாழ 79 பாகையில், இமாத்ரி என்னும் இந்திய ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. ஒக்டோபர் இறுதி தொடங்கிப் பெப்ரவரி நடுப்பகுதி வரை அங்கே கதிரவன் எழுவதில்லை. 2023 டிசெம்பரில் முதன்முறையாக இந்திய அறிவியலார் அந்நெடிய இரவிலும் அங்கே தங்கி ஆய்வு தொடங்கினர்.

1919 நவம்பரில் இலண்டனை விட்டுத் திரும்பிய திலகர் ஓய்ந்திருக்கவில்லை. பஞ்சாங்கத் திருத்தம் பற்றிய மாநாடு 1920இற் சாங்கிலியிற் கூடியபோதும் அவர் கருத்து அங்கே முன்னின்றது. அவ்வாண்டு ஜூலையில் காய்ச்சல் கண்டது. ஆகஸ்ட் முதல் நாள், நள்ளிரவு கழிந்து விடியுமுன், பம்பாய் சர்தார் மாளிகையில் உயிர் பிரிந்தது. கொட்டும் மழையிற் கூடிய மக்கள் வெள்ளம் அவர் உடலைச் சௌபாத்திக் கடற்கரைக்குக் கொண்டு சென்றது. வேதகாலக் கணிப்பையும் வேதாங்க சோதிடத்தையும் பற்றி அவர் எழுதி வைத்திருந்த முற்றுப்பெறாத கட்டுரைகள் 1925இல் பூனாவில் அச்சாயின.